அரைப்பேர்

ஆறும் ஆறும் பன்னிரண்டு. எங்களுக்குத் தேவைப்பட்டது பத்து. இந்தக் கணக்கை நம்பித்தான் 2023இல் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து 55,000 ரூபா கொடுத்து இரண்டு பழைய கிராபிக்ஸ் கார்ட் வாங்கினோம்.

கணக்கு பிழை. எங்கே பிழை என்று பிடிக்க ஒன்றரை மாதம் போனது. "ஒரு கம்பியூட்டர்ல ரெண்டு கார்ட் போட்டா டபுள் ஸ்பீடா மச்சான்?" என்று அதற்குப் பிறகு எங்களிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் விளக்கி முடியவில்லை. அதனால் எழுதியே போடுகிறோம்.

முதலில் 55,000 என்றால் எவ்வளவு என்று சொல்லவேண்டும். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 1,000 ரூபா. எத்தனையோ இழுபறிக்குப் பிறகு 2021இல் வந்த ஆயிரம். எங்களில் ஒருத்தியின் அம்மா ஸ்பிரிங்வெளியில் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய சீட்டுக் காசு பாதி, கொழும்பில் கம்பியூட்டர் கடையொன்றில் நிற்கிற எங்கள் கூட்டாளியின் சம்பளம் பாதி. தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். காலையில் மலைக்குப் போய் பின்னேரம் வரைக்கும் மழையில் நின்றிருந்தாலும் அரைப்பேர் அரைப்பேர்தான். அந்தக் கணக்கில் இரண்டு கார்டும் சேர்ந்து 55 முழுப்பேர்.

கேம் விளையாட வாங்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் கலைப்பீடம். கெம்பஸில் ஒரு குழு ஆய்வு செய்யவேண்டியிருந்தது. ஊரில் வயதானவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தோம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 9,75,000 பேரைப் பங்குபோட்டார்களே, அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். இந்த எண்களை நாங்கள் பாடமாக்கிப் பரீட்சையே எழுதியிருக்கிறோம். ஆனால் எங்கள் லயத்தில் எந்தக் காம்பராவிலிருந்து யார் போனார்கள், யார் நின்றார்கள் என்று கேட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதைத்தான் கேட்கப் போனோம். 41 பேர் பேசினார்கள். 38 மணி நேரம்.

கெம்பஸில் கொடுத்த சம்மதப் படிவத்தை முதல் நாளே தொங்கவீட்டு அம்மாயியிடம் நீட்டினோம். எண்பது தாண்டியவர். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க மக்க வாழ்க்கையெல்லாம் கையெழுத்து வெச்சுத்தான் போச்சு. கையெழுத்து வேணாம் கண்ணு. நான் சொன்னத எழுதி எடுத்துட்டு வந்து வாசிச்சுக் காட்டு. சரின்னா சரிம்பேன்" என்றார். நாங்கள் சரி என்றோம். பிறகு எல்லோரும் அதையே கேட்டார்கள். 41 பேருக்கும் வாசித்துக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. கையில் இருந்தது மூன்று மாதம்.

கையால் எழுதிப் பார்த்தோம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஏழு மணி நேரம் பிடித்தது. வயதானவர்கள் பேசும்போது இடையில் கோழி கத்தும், ரேடியோ ஓடும், பக்கத்துக் காம்பராவில் பிள்ளை அழும். 38 மணி நேரத்துக்கு 266 மணி நேரம். மற்றப் பாடங்களும் இருந்தன.

இன்டர்நெட்டில் ஏற்றினால் எழுதித் தருகிற சேவைகள் இருக்கின்றன. ஆனால் பேசியவர்களில் பலர் கணக்கப்பிள்ளை பெயர், சொந்தக்காரர் பெயர், யார் யாரை ஏமாற்றினார் என்பதெல்லாம் சொல்லியிருந்தார்கள். "வெளிய போகக்கூடாது" என்று சொல்லிச் சொல்லித்தான் பேசினார்கள். அதை எங்கேயோ இருக்கிற கம்பியூட்டருக்கு அனுப்ப மனம் வரவில்லை. அனுப்பலாம் என்றாலும் மேல் டிவிசனில் சிக்னல் அந்த லட்சணம்.

அப்போதுதான் கொழும்பிலிருக்கிறவன் விஸ்பர் பற்றிச் சொன்னான். பேச்சைக் கேட்டு எழுத்தாக்குகிற மென்பொருள். ஓப்பன்ஏஐ 2022 செப்டெம்பரில் இலவசமாக வெளிவிட்டது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இன்டர்நெட்டே தேவையில்லை, எங்கள் வீட்டு மேசையிலேயே ஓடும். தமிழும் கேட்கும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் இருக்கிறது. சிறியதற்கு கிராபிக்ஸ் கார்டில் ஏறக்குறைய 2 ஜிபி மெமரி வேண்டும். நடுத்தரத்துக்கு 5. பெரியதற்கு 10. தமிழுக்கு நடுத்தரம் சுமார், பெரியது பரவாயில்லை, சிறியது வீண்.

கிராபிக்ஸ் கார்ட் என்பது படம் வரையத்தானே, பேச்சுக்கு எதற்கு என்று நாங்களும் கேட்டோம். திரையில் இருக்கிற லட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் ஒரே நேரத்தில் நிறம் கணக்கிடவேண்டும் என்பதால் அந்தக் கார்டுக்குள் சின்னச் சின்னக் கணக்குப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பேச்சைப் பிரித்து அறிகிற வேலையும் அதே மாதிரி லட்சக்கணக்கான பெருக்கலும் கூட்டலும்தான். ஆனால் ஒரு நிபந்தனை: வேலைக்கு வேண்டிய எண்கள் முழுக்க அந்தக் கார்டின் சொந்த மெமரிக்குள் உட்காரவேண்டும்.

12 ஜிபி கார்ட் விலையைக் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டோம். அதே நேரம் பழைய ஜி.டி.எக்ஸ் 1060, 6 ஜிபி கார்டுகள் கொழும்பில் கிடைத்தன. 2021இல் இவையெல்லாம் காணக் கிடைக்காத சாமான். எதீரியம் நாணயம் தோண்டுகிறவர்கள் ஒரு இரும்புச் சட்டத்தில் ஆறு, எட்டு என்று கார்டுகளை வரிசையாக மாட்டி இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் தன் முறையையே மாற்றியது, அதோடு அந்த வேலைக்குக் கார்டே தேவையில்லை என்றாகிவிட்டது. அவிழ்த்த கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. விற்றவர், "ரெண்டையும் போட்டா டபுள் தம்பி, அவங்க எட்டு போட்டாங்களே" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கார்டுகள் பதுளை நைட் பஸ்ஸில் வந்தன, பழைய சாரம் ஒன்றில் சுற்றி. கழித்துவிட்ட கந்தோர் கம்பியூட்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் நீளத் துளை ஒன்றுதான், பவர் சப்ளையும் போதாது. ஆகவே போர்டும் பவர் சப்ளையும் பழையதாக இன்னொரு நைட் பஸ். அந்தக் காசு 55,000இல் சேர்த்தி இல்லை. புதிதாக வந்த போர்டில் நீளத் துளை இரண்டு இருந்தது. பார்க்க ஒரே மாதிரி. உள்ளே இரண்டாவதற்கு நாலு பாதைதான், முதலாவதற்குப் பதினாறு. மலிவான போர்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள். (எங்கள் வேலைக்கு அது பெரிய தடையாக இருக்கவில்லை. ஆனாலும் ஏமாந்த மாதிரித்தான் இருந்தது.)

போட்டோம். இரண்டும் சுற்றின. முதலில் உட்கார்ந்தது எங்களில் ஒருத்தியின் தம்பி. அவன் கேம் போட்டுப் பார்த்தான். ஒரு கார்ட் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது, மற்றது பூச்சியம் வீதத்தில் சும்மா இருந்தது. "அக்கா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாலம் மாட்டணுமாம்" என்றான். அந்தப் பாலத்தைத் தேடி இரண்டு நாள். பிறகு கார்டின் மேல் ஓரத்தைப் பார்த்தால், பாலம் மாட்டுகிற இடமே இல்லை. 1060க்கு என்விடியா அதை வைக்கவேயில்லை. 1070இலிருந்து மேலேதான்.

இந்தப் பாலத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1998இல் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பனி வூடூ 2 கார்டைக் கொண்டுவந்தது. இரண்டு கார்டை இணைத்தால், திரையில் ஒற்றைப்படை வரிகளை ஒன்று வரையும், இரட்டைப்படை வரிகளை மற்றது வரையும். எளிமையான, அழகான யோசனை. கம்பனி நொடித்துப்போய், அதன் சொத்துகளை என்விடியா வாங்கி, 2004இல் எஸ்.எல்.ஐ என்ற அதே மூன்றெழுத்தை வேறு விரிவோடு திரும்பக் கொண்டுவந்தது. இந்தத் தடவை பெரும்பாலும் வரி வரியாக அல்ல, படம் படமாக: முதல் படம் இவருக்கு, அடுத்த படம் அவருக்கு. எண்ணிக்கை கூடியது. ஆனால் படங்கள் சீரான இடைவெளியில் வராமல் தட்டித் தட்டி வந்தன. போதாததற்கு இரண்டு கார்டிலும் ஒரே சாமானை இரண்டு பிரதியாக வைக்கவேண்டும். அதனால் 6 ஜிபியும் 6 ஜிபியும் அங்கே 6 ஜிபிதான். ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக டிரைவரில் ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. 2021 ஜனவரி முதலாம் திகதியோடு புதிதாக அப்படிச் செய்வதை என்விடியா நிறுத்தியது. 2022இல் வந்த 4090இல் பாலமே கிடையாது. அதாவது, நாங்கள் பாலம் தேடியது செத்துப்போன ஊருக்கு வழி கேட்ட மாதிரி.

கேம் எங்களுக்கு முக்கியமில்லை. விஸ்பரின் பெரிய மாதிரியை ஏற்றினோம். மெமரி போதாது என்று நின்றுவிட்டது. முதல் கார்ட் நிரம்பி வழிகிறது, இரண்டாவது கார்டில் ஒரு எண்கூட ஏறவில்லை. நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று யாரும் அப்போது சொல்லவில்லை.

இதை எங்களுக்கு விளங்கவைத்தது கம்பியூட்டர் தெரிந்த யாரும் இல்லை, சீட்டுக் காசு போட்ட அம்மாதான். பின்னேரம் வந்து கூடையை இறக்கிவிட்டு, "என்னா, வேல செய்யுதா?" என்று கேட்டார். ஒன்று செய்கிறது, ஒன்று சும்மா இருக்கிறது என்றோம். "நெறை பிரிச்சுக் குடுத்தீங்களா?" என்றார்.

தேயிலை மலையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிரை. இவருடைய நிரையில் அவர் கை வைப்பதில்லை. இரண்டு பேர் இருந்தால் இரண்டு நிரை நகரும், கொழுந்தும் இரண்டு பங்கு. ஆனால் இரண்டு பேரை ஒரே செடியில் விட்டால்? கைதான் இடிபடும். இரண்டு கூடை இருப்பதால் ஒரு கூடை பெரிதாகிவிடுவதும் இல்லை. நாணயம் தோண்டியவர்கள் எட்டுக் கார்டை மாட்டியது இப்படித்தான். ஒவ்வொரு கார்டும் தனித்தனி எண்களைத் தட்டிப் பார்க்கிறது, ஒன்றுக்கு மற்றதோடு பேச்சே இல்லை. எட்டு நிரை, எட்டு ஆள். எங்கள் மூளையில் உறைக்காதது அம்மாவுக்கு ஒரு கேள்வியில் உறைத்துவிட்டது.

ஆகவே பெரியதை விட்டுவிட்டு, நடுத்தர மாதிரியை இரண்டு கார்டிலும் ஒவ்வொன்றாக ஏற்றினோம். 5 ஜிபி, 6க்குள் அடங்கியது. முதல் கார்டுக்கு ஒரு ரெக்கோடிங், இரண்டாவது கார்டுக்கு இன்னொரு ரெக்கோடிங். இரண்டும் ஓடின. உண்மையாகவே டபுள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு கார்ட் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே எடுத்தது. இதே கார்டில் ஆங்கிலம் என்றால் சீக்கிரம் முடியும். தமிழில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியையும் துணைக்குறியையும் சேமிக்கக் கம்பியூட்டர் மூன்று மூன்று பைட் எடுக்கிறது. "அம்மா" என்ற சொல் அதற்குப் 15 பைட். அதைப் பல துண்டுகளாக உடைத்து ஒவ்வொரு துண்டாக ஊகித்து எழுதவேண்டும். எங்கள் பாஷைக்கு மெஷினிலும் வேலை கூட, அவ்வளவுதான்.

மூன்று இரவில் 38 மணி நேரமும் முடிந்துவிட்டது. சைட் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். மேலே இருந்த கார்டுக்குக் கீழே இருந்ததன் சூடு அடித்து 83 பாகைக்குப் போனது. நமுனுகுலப் பக்கமிருந்து இறங்குகிற இரவுக் குளிர் எதற்காவது உதவியது என்றால் அதற்குத்தான். கேத்தல் போடும்போது கம்பியூட்டரை நிறுத்தவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். லயத்து வயரிங் அப்படி.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

எழுதி வந்ததை வாசித்தோம். பிழைகள் இருக்கும் என்று தெரியும். பெரட்டு என்று அவர்கள் சொன்னதை அது எப்படியெல்லாமோ எழுதியிருந்தது, கொந்தரப்பை விளங்கிக்கொள்ளவேயில்லை. இவையெல்லாம் கண்ணில் படுகிற பிழை, திருத்திவிடலாம். பயமுறுத்தியது வேறு. தொங்கவீட்டு அம்மாயியின் பேச்சில் ஓரிடம். "எங்கப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டாரு. நாங்களும் மனுப் போட்டம்மா" என்று சுத்தமான தமிழில் எழுதியிருந்தது. எழுத்துப் பிழை இல்லை, வசனப் பிழை இல்லை. நாங்கள் அட்டவணையில் அவரை "இந்தியாவுக்கு விண்ணப்பித்தும் போகாமல் நின்றவர்" என்ற நிரலில் போட்டுவிட்டோம்.

அப்படி நிறையப் பேர் உண்மையிலேயே இருந்தார்கள். இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தும், 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனதால் போகமுடியாமல், இங்கேயும் பிரஜையாக இல்லாமல் கிடந்தவர்கள். 2003இல் சட்டம் வந்துதான் அவர்களுக்கு வழி பிறந்தது. அம்மாயியையும் அவர்களோடு சேர்த்துவிட்டோம். தற்செயலாகத்தான் ஒரு நாள் அந்த ரெக்கோடிங்கைக் காதால் திரும்பக் கேட்டோம். அவர் சொன்னது "மனுப் போடலம்மா". அப்பா போட்டார், தாயும் தகப்பனும் அக்காவும் கப்பலேறினார்கள், இவரும் புருஷனும் போடவில்லை, நின்றார்கள். அவர் வாழ்க்கையில் எடுத்த மிகப் பெரிய முடிவு அது. போடலம்மா, போட்டம்மா. ஒரு லகரம் அந்த முடிவை மாற்றிவிட்டது. இதைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வாசித்திருந்தால்?

இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கும் என்ற பயத்தில்தான் பெரிய மாதிரியை எப்படியாவது ஓட்டவேண்டும் என்ற பிடிவாதம் வந்தது.

இரண்டு சிறிய கார்டில் ஒரு பெரிய வேலையைப் பிரித்து வைத்த கதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இன்றைக்கு ஏஐ, ஏஐ என்று எல்லோரும் பேசுகிறார்களே, அந்த ஓட்டத்தைத் தொடக்கிவைத்த அலெக்ஸ்நெட். 2012இல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் படித்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, தன் பெற்றோர் வீட்டு அறையில் இரண்டு ஜி.டி.எக்ஸ் 580 கார்டை வைத்து அதைப் பழக்கினார். ஒவ்வொன்றிலும் 3 ஜிபிதான். அவர் செய்த வலையமைப்பு ஒரு கார்டுக்குள் அடங்கவில்லை. அதனால் அதை நடுவால் பிளந்து பாதி இதில், பாதி அதில் வைத்தார். இரண்டு பாதியும் எல்லாக் கட்டத்திலும் பேசிக்கொள்ளாது, குறிப்பிட்ட சில கட்டங்களில் மட்டும்தான் பேசும். 12 லட்சம் படங்கள், ஐந்தாறு நாள் ஓட்டம். அந்த வருடப் போட்டியில் அதன் பிழை 15.3 வீதம், இரண்டாவதாக வந்தவர்களுக்கு 26.2. எங்களுக்கு அதில் பிடித்தது இன்னொரு விஷயம். பழக்கி முடித்துப் பார்த்தால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு கார்டில் இருந்த பாதி பெரும்பாலும் நிறம் பார்க்காமல் கோடுகளையும் வடிவங்களையும் பிடிக்கப் பழகியிருந்தது, மற்றப் பாதி பெரும்பாலும் நிறங்களைப் பிடித்திருந்தது.

விஸ்பரைப் பிளப்பது அதைவிட எளிது. அதுவே இரண்டு பாதியாகத்தான் இருக்கிறது. முதற்பாதி 30 வினாடிச் சத்தத்தை எடுத்துக் கேட்டு, கேட்டதை எண்களாக மாற்றுகிறது. இரண்டாம் பாதி அந்த எண்களைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதுகிறது. கேட்கிற பாதியை முதல் கார்டிலும் எழுதுகிற பாதியை இரண்டாவது கார்டிலும் வைத்து, நடுவில் எண்களைக் கைமாற்றிவிட்டால் போதும். பத்துப் பதினைந்து வரிதான், ஏற்கெனவே யாரோ எழுதியும் வைத்திருந்தார்கள். கலைப்பீடத்து ஆட்களுக்கு அந்தப் பதினைந்து வரியில் எதை எங்கே மாற்றுவது என்று விளங்க நாலு நாள். கொழும்பிலிருக்கிறவன் வேலை முடிந்து இரவு பத்துக்குப் பிறகு போனில் வருவான். "அந்தப் பூச்சியத்த ஒன்னாக்கு. இல்லடி, அந்தப் பூச்சியம் இல்ல."

அன்றைக்கு இரவு பதினொன்றரைக்குப் பெரிய மாதிரி ஓடியது. இரண்டு கார்டிலும் மெமரி ஏறியது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஆறும் ஆறும் பன்னிரண்டு.

வேகம்? அதை மட்டும் கேட்காதீர்கள். ஒரு கார்ட் கேட்கும்போது மற்றது காத்திருக்கிறது. கேட்டு முடித்துக் கொடுத்த பிறகு அது எழுதுகிறது, இது காத்திருக்கிறது. கேட்பது சடாரென்று முடிந்துவிடும், எழுதுவதுதான் நேரம். அதனால் முதல் கார்ட் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரண்டரை மணி நேரம். பத்து இரவு ஓடியது.

அந்த மாதக் கரண்ட் பில் 74 யூனிட். வழக்கமாக 45க்குள் நிற்கிற வீடு. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம் என்று ஏற்றியிருந்த காலம். 60 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு. பில்லை அம்மா ஒன்றும் சொல்லாமல் சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகினார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பெரிய மாதிரி "போடலம்மா" என்பதைச் சரியாக எழுதியது. நடுத்தரம் இப்படி எதிர்மறையை விழுங்கிய இடங்கள் இன்னும் பதினொன்றைக் காட்டிக்கொடுத்தது. அதே நேரம் புதிதாகச் சில வினைகளையும் செய்தது. ஒரு தாத்தா, தன் தம்பியை ஸ்டேஷனில் ஏற்றிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்திவிட்டார். ரெக்கோடிங்கில் நாற்பது வினாடிக்கு ஒன்றுமில்லை, காற்றுச் சத்தம் மட்டும். அந்த நாற்பது வினாடிக்கு மெஷின் "நன்றி வணக்கம், நன்றி வணக்கம்" என்று எழுதி வைத்திருந்தது. பேச்சில்லாத இடத்தில் அது தானாக எதையாவது இட்டு நிரப்பும் என்று பிறகு அறிந்தோம். அதை வெட்டிவிட்டு அடைப்புக்குள் "பேசவில்லை" என்று போட்டோம். கடைசியில் என்ன செய்தோம் என்றால், இரண்டு மாதிரியும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடுகிற இடத்தை மட்டும் காதால் கேட்டோம். இரண்டும் ஒரே பிழையைச் செய்த இடங்களும் இருந்தன. அதனால் முக்கியமான பகுதிகளை முழுக்கக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. 266 மணி நேரம் ஏறக்குறைய 90ஆகக் குறைந்தது. அதுவும் பெரிய விஷயம்தான்.

இனி, கேட்கிறவர்களுக்கு நேரடியாக: கேமுக்கு இரண்டு கார்ட் வேண்டாம். அந்தக் காலம் முடிந்துவிட்டது, இருக்கிற காசுக்கு ஒரே நல்ல கார்டாக வாங்குங்கள். பிளெண்டரில் அனிமேஷன் செய்கிறவர்களுக்கு இரண்டு கார்ட் உதவும், வேலை தானாகவே துண்டு துண்டாகப் பிரிகிறது. ஆனால் ஒரு காட்சி முழுக்க ஒவ்வொரு கார்டிலும் அடங்கவேண்டும். ஏஐ மாதிரிகளை ஓட்ட என்றால் முதலில் மெமரியைப் பாருங்கள், பிறகு பவர் சப்ளையை, பிறகு வீட்டுக் கரண்ட் பில்லை. இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. விஸ்பரின் பெரிய மாதிரியைச் சுருக்கி, எண்களின் நுணுக்கத்தைக் குறைத்து, 6 ஜிபிக்குள்ளேயே ஓட்டுகிற வேறொரு மென்பொருள் அப்போதே இருந்திருக்கிறது. ஒரு கார்டே போதுமாக இருந்திருக்கும். எங்களுக்கு அது தெரியவந்தது ஆறு மாதத்துக்குப் பிறகு. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவேண்டாம்.

வாசித்துக் காட்டப் போன கதைக்கு வருகிறோம். முதலில் தொங்கவீட்டுக்குத்தான் போனோம். இஸ்தோப்பில் சாக்கு விரித்து உட்காரவைத்தார். சாயம் வந்தது. ஒன்றே கால் மணி நேரம் வாசித்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மனுப் போடலம்மா" வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். "ஆமா, போடல" என்றார், நாங்கள் ஏதோ மறுத்துப் பேசியது மாதிரி. இரண்டு திருத்தம் சொன்னார். ஒன்று, அக்கா போன மாதம் தை இல்லை, மாசி. அவர் ரெக்கோடிங்கில் தை என்றுதான் சொல்லியிருந்தார். மாசி என்றே மாற்றினோம். மற்றது, கணக்கப்பிள்ளையைப் பற்றிச் சொன்னதை எடுத்துவிடச் சொன்னார், அவருடைய பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்களாம். எடுத்துவிட்டோம்.

எழும்பும்போது, இவ்வளவையும் நீங்களா எழுதினீர்கள் என்று கேட்டார். மெஷின் எழுதியது, நாங்கள் திருத்தினோம் என்றோம். எப்படி என்று விடவில்லை. இரண்டு கார்ட் அம்மாயி, ஒன்று நீங்கள் பேசுவதைக் கேட்கும், கேட்டதை மற்றதுக்குச் சொல்லும், அது எழுதும் என்றோம்.

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அது எழுதுறப்ப இது சும்மாதான இருக்கும்?"

"ஆமாங்க அம்மாயி."

"அதுக்கும் முழுப்பேரா போட்டீங்க?"